பாத்திமாவுக்கு மூன்று பேர்

முந்தின நாள் சாயங்காலமே தெல்மிரோ கல்லறைத் தோட்டத்துக்குப் போய் மனைவியிடம் சொல்லிவிட்டு வந்திருந்தார். அப்படிச் சொல்லிக் கூப்பிட்டால்தான் செத்தவர்கள் யாத்திரைக்குக் கூடவே வருவார்கள் என்பது ஸ்பெயினில் அந்த எல்லைப் பக்கத்து வழக்கம். அதை அவருக்கு ஞாபகப்படுத்தியது மைத்துனி செல்சா.

மனைவி தொசிந்தா, பெட்டிகளை மாடம் மாடமாக வைத்து மூடுகிற கல்லறைச் சுவரில் மூன்றாவது வரிசையில் இருந்தாள். தெல்மிரோ தொப்பியைக் கழற்றவில்லை. சுற்றிலும் யாராவது இருக்கிறார்களா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டார். "நாளைக்குக் காலையில ஏழு மணிக்கு வண்டி வரும். பாத்திமாவுக்குப் போறோம். கிளம்பி இரு" என்றார். நாலடி நடந்தவர் திரும்பி வந்து, "சால்வையை எடுத்துக்க" என்று சேர்த்துக்கொண்டார். ஒரு கல்லோடு பேசிக்கொண்டு நிற்கிறோமே என்று எரிச்சலாக வந்தது. ஐம்பது வருஷம் கல்லுடைத்தவர் அவர். கல் எந்தக் காலத்திலும் பதில் சொன்னதில்லை.

தெல்மிரோவுக்கு எதன்மேலும் நம்பிக்கை கிடையாது. டாக்டரை நம்பமாட்டார், வங்கியை நம்பமாட்டார், பங்குச் சாமியாரை நிச்சயமாக நம்பமாட்டார். ரேடியோவில் மழை வரும் என்றால் குடையை வீட்டில் வைத்துவிட்டுப் போவார். அப்படிப்பட்டவர் போர்ச்சுகலில் மாதா காட்சி கொடுத்த பாத்திமாவுக்குத் தனி வண்டி பிடித்தார் என்றால் அதற்குக் காரணம் இருந்தது.

நாற்பது வருஷத்துக்கு முன்னால் பொர்ரீன்யோ ஊர்க் குவாரியில் தூக்குக் கம்பி அறுந்து ஒரு கல் பாளம் அவர்மேல் சரிந்தது. தெல்மிரோ மூன்று நாள் நினைவில்லாமல் கிடந்தார். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்துகொண்டு தொசிந்தா நேர்ந்துகொண்டாள். இவர் பிழைத்து எழுந்தால் எல்லை தாண்டிப் பாத்திமாவுக்குப் போய், மாதாவின் சின்னக் கோவிலை முழங்காலால் ஒரு சுற்றுச் சுற்றி வருகிறேன் என்று. அவர் எழுந்துவிட்டார். அவள் போகவில்லை. ஒவ்வொரு மே மாதமும் கேட்டாள். ஒவ்வொரு மே மாதமும் அவரிடம் ஒரு பதில் தயாராக இருந்தது. அங்கே தண்ணீரைப் பாட்டிலில் அடைத்து விற்கிறார்கள் என்பார். திராட்சைக் கொடிக்கு மருந்தடிக்கிற நேரம் என்பார். பங்குக் கோவில் பேருந்தில் ஐம்பது பெண்கள் செபமாலை கத்திக்கொண்டு வருவார்கள், நான் வரமாட்டேன், நீயும் போகவேண்டாம் என்பார். ஒரு வருஷம் அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள். தொல்லை விட்டது என்று அன்றைக்கு அவருக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. இப்போது அதை நினைத்தால் வாய்க்குள் மண் விழுந்த மாதிரி இருக்கிறது.

ஜனவரியில் அவள் போய்விட்டாள்.

"போகல. எங்க போவா? நேர்ந்ததைத் தீர்க்காம அக்கா எங்கயும் போக முடியாது. உங்க வீட்டுக்குள்ளதான் சுத்திக்கிட்டு இருக்கா" என்று செல்சா நாலு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

தெல்மிரோ அதற்கு மறுப்புச் சொல்லவில்லை. காலையில் சமையலறையில் கால் தேய்த்து நடக்கிற சத்தம் அவருக்கும் கேட்டது. எலி என்று செல்சாவிடம் சொன்னார். ஆனால் எலிப்பொறி வைக்கவில்லை.

வண்டி ஏழு மணிக்கு முன்னாலேயே வந்துவிட்டது. ஏப்ரல் மாதம், இன்னும் சரியாக விடியவில்லை. ஓட்டுகிற நிக்கனோர் அதே ஊர்க்காரன், ஐம்பது வயது, மூச்சு விடாமல் பேசுகிறவன்.

"எத்தனை பேருண்ணே?"

"மூணு."

நிக்கனோர் தெல்மிரோவையும், சாப்பாட்டுக் கூடையோடு நின்ற செல்சாவையும் பார்த்தான். புரிந்துகொண்டான். இறங்கி வந்து முன் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டான். "அக்கா முன்னாடி உட்காரட்டும். பின்னாடி உட்கார்ந்தா வாந்தி வரும்னு சொல்வாங்கல்ல."

"ஏறு, தொசிந்தா" என்றார் தெல்மிரோ, யாரையும் பார்க்காமல்.

"பெல்ட்டு போட்டு விடணுமாண்ணே?"

"வேண்டாம். அவளுக்கு மூச்சு முட்டும்."

வண்டி கிளம்பியது. எல்லையில் மின்யோ ஆற்றுப் பாலம் வந்ததும், பின் இருக்கையில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த செல்சா அவர் தொடையில் தட்டினாள். "சொல்லுங்க. வழி சொல்லிக்கிட்டே போகணும். இல்லைன்னா தடுமாறிடுவா."

"அவளுக்கு இந்தப் பாலம் தெரியாதா? அந்தப் பக்கம் போய்த்தானே அம்பது துண்டு வாங்கி அலமாரியில அடைச்சு வெச்சிருக்கா."

"பாலத்துக்கு அப்புறம் தெரியாதுல்ல."

அது உண்மை. பாலம் தாண்டியதும் வருகிற வலென்சாவின் துண்டுக் கடைகளுக்கு அப்பால் தொசிந்தா எங்கேயும் போனதில்லை. அவர் கூட்டிப் போனதில்லை. தெல்மிரோ தொண்டையைச் செருமிக்கொண்டு, முன் இருக்கையின் முதுகைப் பார்த்து, "இது போர்ச்சுகல். இடது பக்கம் யூகலிப்டஸ் மரம். வலது பக்கமும் அதேதான். ஒண்ணும் பெருசா இல்ல" என்றார்.

"நல்லா வழி சொல்றீங்க, அத்தான்" என்றாள் செல்சா. "அக்கா இறங்கி ஓடிடப் போறா."

வண்டி போர்த்தோ நகரத்தைத் தாண்டியது. வழி சொல்வது அவருக்குப் பழகிவிட்டது. பாலத்தைச் சொன்னார், தொலைவில் தெரிந்த கடலைச் சொன்னார், ஒரு கல் லாரி முந்திப் போனபோது அது என்ன கல், எந்த ஊர்க் கல் என்றுகூடச் சொன்னார். வீட்டில் இவ்வளவு பேசியதில்லை. முன் இருக்கை காலியாகத்தான் இருந்தது. ஆனாலும் காலி இருக்கையோடு பேசுகிற மாதிரி இல்லை. இப்படியே அவளைக் கூட்டிக்கொண்டு இன்னும் தெற்கே, எங்கே வேண்டுமானாலும் போகலாம் போல இருந்தது.

அப்போதுதான் செல்சா அதைச் சொன்னாள்.

"அங்க போய்ச் சுத்தி முடிச்சதும் என்ன சொல்லணும்னு தெரியுமா? 'வந்து சேர்ந்துட்ட, இங்கேயே இரு'. அவ்வளவுதான். சொல்லிட்டுத் திரும்பிப் பார்க்காம வந்துடணும். வர்ற வழியில கூப்பிடக் கூடாது."

"திரும்பி வரமாட்டாளா?"

"எதுக்கு வரணும்? மாதாகிட்ட போய்ச் சேர்ந்தவ, உங்க சட்டையைத் துவைக்கத் திரும்பி வரணுமா?"

நிக்கனோர் சிரித்தான். தெல்மிரோ சிரிக்கவில்லை. நேர்த்திக்கடனைத் தீர்க்க வேண்டும் என்பது வரைக்கும்தான் அவர் யோசித்திருந்தார். தீர்ந்த பிறகு சமையலறையில் சத்தம் கேட்காது என்பதை யோசிக்கவில்லை. அதன் பிறகு வழி சொல்வதை நிறுத்திவிட்டார்.

நெடுஞ்சாலை ஓரத்தில் பெட்ரோல் பங்கோடு ஒரு காப்பிக் கடை வந்தது. இறங்கினார்கள். "இறங்கு, தொசிந்தா. காப்பி குடிக்கிறோம்" என்றார். அதைச் சரியாகச் சொன்னார். காப்பி குடித்தார்கள். செல்சா கழிப்பறைக்குப் போனாள். நிக்கனோர் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தான். தெல்மிரோ முன் கதவைத் திறந்தார். திறந்த கதவைப் பிடித்தபடி நின்றார். வாயைத் திறக்கவில்லை. கதவைச் சாத்தினார்.

மறந்துபோய் அல்ல. தெரிந்துதான் செய்தார். கூப்பிடாவிட்டால் ஏறமாட்டாள். ஏறாவிட்டால் பாத்திமாவுக்குப் போய்ச் சேரமாட்டாள். சேராவிட்டால் அங்கே தங்கவும் மாட்டாள். வீட்டுக்கு வழியை அவளே கண்டுபிடித்து வந்துவிடுவாள். கணக்கு அவருக்குச் சரியாகத்தான் பட்டது.

செல்சா வந்து ஏறினாள். "அக்காவைக் கூப்பிட்டீங்களா?"

"ம்."

வண்டி ஓடியது. பத்து கிலோமீட்டர் வரைக்கும் அவர் மனசு கெட்டியாக இருந்தது. இருபதாவது கிலோமீட்டரில் அவருக்கு வீகோ நகரத்துச் சந்தை ஞாபகம் வந்தது. கல்யாணமான புதிது. "இங்கேயே நில்லு, இதோ வந்துடறேன்" என்று ஒரு பாத்திரக் கடை வாசலில் அவளை நிறுத்திவிட்டு, குவாரிப் பையன்களோடு குடிக்கப் போய்விட்டார். மூன்று மணி நேரம் கழித்து வந்து பார்த்தபோது கடையைச் சாத்திவிட்டிருந்தார்கள். தூறல் வேறு. அவள், அவர் நிறுத்திய இடத்திலிருந்து ஓரடி நகராமல், பையை இரண்டு கையாலும் வயிற்றோடு பிடித்துக்கொண்டு நின்றுகொண்டிருந்தாள். ஒரு வார்த்தை திட்டவில்லை. "சாப்பிட்டியா?" என்றுதான் கேட்டாள்.

அவளா வழி கண்டுபிடித்து வீட்டுக்கு வருவாள்? இறங்கு என்றார், இறங்கினாள். ஏறு என்கிற வரைக்கும் அங்கேயே நிற்பாள். லாரிகளுக்கு நடுவில், அந்நிய ஊரில், பாஷை தெரியாத இடத்தில், பையைப் பிடித்துக்கொண்டு.

"வண்டியைத் திருப்பு" என்றார்.

"என்னண்ணே?"

"திருப்புடா."

"என்னத்தை மறந்துட்டு வந்தீங்க? தொப்பி தலையிலதானே இருக்கு" என்றாள் செல்சா.

"உன் அக்காவை."

செல்சா சிலுவை போட்டுக்கொண்டாள். பிறகு ஆரம்பித்தாள். "பெட்ரோல் பங்குல பொண்டாட்டியை விட்டுட்டு வந்த ஆம்பளையை நான் இப்பத்தான் பார்க்கிறேன். உயிரோட இருக்கும்போது கூட்டிப் போக வக்கில்ல. செத்தப்புறமாவது முழுசாக் கூட்டிப் போகக் கூடாதா?"

"இங்க திருப்ப முடியாதுண்ணே" என்றான் நிக்கனோர். "அடுத்த வாசல்ல வெளியே போய், எதிர்ப்பக்கம் ஏறி, அந்தப் பங்கைத் தாண்டிப் போய், அங்க மறுபடி வெளியே இறங்கி, மறுபடி இந்தப் பக்கம் ஏறணும். ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும்."

"ஆகட்டும்."

"இல்ல, சும்மா சொன்னேன். என் மச்சான் ஒருத்தன் மாமியாரை இதே ரோட்டுல விட்டுட்டுப் போயிட்டான். அது உயிரோட இருந்த மாமியார். அதுக்கே அவன் திரும்பிப் போகல."

"வாயை மூடிக்கிட்டு ஓட்டு" என்றார்கள் தெல்மிரோவும் செல்சாவும் ஒரே நேரத்தில்.

பெட்ரோல் பங்குக்கு வந்து சேர்ந்ததும் தெல்மிரோ மற்ற இருவரையும் இறங்கவேண்டாம் என்றார். தான் மட்டும் இறங்கி, காலையில் வண்டி நின்ற அதே இடத்துக்குப் போனார். அங்கே இப்போது ஒரு மீன் லாரி நின்றது. ஓட்டுநர் ரொட்டி தின்றுகொண்டிருந்தான்.

"தொசிந்தா."

ஓட்டுநர் மெல்லுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தான். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டார் தெல்மிரோ.

"நான் மறக்கல. வேணும்னேதான் விட்டுட்டுப் போனேன்" என்றார். "செல்சாகிட்ட சொல்லாத. வா, வந்து ஏறு."

வண்டிக்குத் திரும்பி வந்து முன் கதவைத் திறந்தார். அவள் குனிந்து, உட்கார்ந்து, பாவாடையை உள்ளே இழுத்துக்கொள்ள எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் பிடித்துக்கொண்டு நின்றார். காற்றுகூட வீசவில்லை. ஏறினாளா, கோபித்துக்கொண்டு நின்றுவிட்டாளா, ஒன்றும் தெரியவில்லை. மெதுவாகக் கதவைச் சாத்தினார். அதன் பிறகு பாத்திமா வரைக்கும் வழி சொல்லிக்கொண்டே போனார். தொண்டை கட்டிக்கொண்டது, அப்போதும் விடவில்லை.

பாத்திமாவில் கூட்டம் அதிகம் இல்லை. பெரிய திடலில் சரிவாக ஒரு வழுவழுப்பான கல் பட்டை மாதாவின் சின்னக் கோவில் வரைக்கும் இறங்கிப் போனது. முழங்காலில் போகிறவர்களுக்காகப் போட்டது. ஒரு பெண் முழங்காலுக்குக் கட்டிக்கொள்ள மெத்தைத் துணி வேண்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றார். குனிந்து பட்டையைத் தடவிப் பார்த்தார். சுண்ணாம்புக் கல். இளக்கமான ஜாதி. எந்த உளியும் இவ்வளவு மழமழவென்று இழைக்காது. எத்தனை பேர் முழங்கால் பட்டிருக்க வேண்டும் என்று ஒரு கணம் தொழில்காரனாக யோசித்தார்.

"நான் போறேன் அத்தான். எனக்கு உங்களை விட எட்டு வயசு கம்மி. அக்காவுக்காக நான் சுத்தறேன்" என்றாள் செல்சா.

"அவ உன் உயிருக்கா வேண்டிக்கிட்டா?"

மண்டியிட்டார். அவள் நேர்ந்தது கோவிலை ஒரு சுற்று மட்டும்தான். ஆனால் தெல்மிரோ மேலேயிருந்தே ஆரம்பித்தார். பத்தடி போவதற்குள் இடுப்பு முறிகிற மாதிரி இருந்தது. முன்னால் ஒரு இளம்பெண் முழங்காலில் போய்க்கொண்டிருந்தாள். அவள் புருஷன் பக்கத்தில் நடந்துகொண்டே அவள் கையைப் பிடித்திருந்தான். அவன் கும்பிடவில்லை, செபம் சொல்லவில்லை. கையை மட்டும் பிடித்திருந்தான்.

தெல்மிரோ மண்டியிட்டபடியே நின்றுவிட்டார். கடைசியாகக் கேட்ட வருஷம் தொசிந்தா இதைத்தான் கேட்டாள். "நீ கும்பிட வேண்டாம். கோவிலுக்குள்ள வரவேண்டாம். நான் போகும்போது பக்கத்துல நடந்து வந்து கையைப் பிடிச்சுக்க. அது போதும்." அவர் அதற்கு என்ன பதில் சொன்னார் என்று இப்போது எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. அப்போது பத்திரிகை பார்த்துக்கொண்டிருந்தார் என்பது மட்டும் ஞாபகம் இருந்தது.

இடது கையைப் பக்கத்தில் நீட்டினார். விழப் போகிறார் என்று நினைத்து செல்சா ஓடி வந்து அந்தக் கையைப் பிடித்தாள்.

"அந்தப் பக்கம் வா" என்றார் மூச்சு வாங்கிக்கொண்டு. "இந்தக் கை அவளுக்கு."

செல்சா சுற்றிக்கொண்டு வலது பக்கம் வந்து பிடித்துக்கொண்டாள். இடது கையை வெறுமனே நீட்டியபடி தெல்மிரோ திடல் முழுவதும் இறங்கினார், கோவிலைச் சுற்றினார். வழியில் இரண்டு முறை செல்சா, "போதும் அத்தான், மாதா கண்ணு தெரியாதவ இல்ல" என்றாள். அவர் நிறுத்தவில்லை. சுற்று முடிந்தபோது கால்சட்டை முழங்காலில் கிழிந்திருந்தது. எழுந்திருக்க செல்சாவும், வழியில் போன யாரோ ஒருவரும் தூக்கிவிட வேண்டியிருந்தது.

"இப்பச் சொல்லுங்க" என்றாள் செல்சா.

"நீ போய் மெழுகுவர்த்தி ஏத்து."

"நீங்க சொல்றதைக் கேட்டுட்டுப் போறேன்."

"புருஷன் பொண்டாட்டி பேசறதைக் கேக்கணுமா உனக்கு?"

அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனாள். தெல்மிரோ கோவில் தூணில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"வந்து சேர்ந்துட்ட" என்றார்.

அடுத்தது இரண்டே வார்த்தை. அது வரவில்லை. இரண்டு முறை முயன்றார். கல்லுக்குள் உளி மாட்டிக்கொண்ட மாதிரி இருந்தது. உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை.

"இருக்கணும்னு தோணுச்சுன்னா இரு" என்றார் கடைசியில். "வரணும்னு தோணுச்சுன்னா வா. நாப்பது வருஷம் என் இஷ்டத்துக்கு நடந்தாச்சு. இது உன் இஷ்டம். வண்டி அஞ்சு மணிக்கு."

திரும்பிப் பார்க்காமல்தான் வந்தார். அந்த மட்டும் முறைப்படி செய்தார்.

மரத்தடியில் உட்கார்ந்து செல்சா கொண்டுவந்த மீன் அடைத்த ரொட்டியைச் சாப்பிட்டார்கள். தொசிந்தாவின் பங்கை ஒரு துணியில் தனியாக எடுத்து வைத்தாள் செல்சா. பிறகு, "சொல்லிட்டீங்களா?" என்றாள். இனிமேல் பொய் சொல்லத் தெம்பில்லாமல் தெல்மிரோ நடந்ததை அப்படியே சொன்னார். பெட்ரோல் பங்கில் செய்ததையும் சேர்த்தே சொன்னார்.

செல்சா கத்துவாள் என்று எதிர்பார்த்தார். அவள் ரொட்டித் துணுக்குகளை மடியிலிருந்து தட்டிவிட்டாள். அதற்கு வெகுநேரம் எடுத்துக்கொண்டாள்.

"உலகத்துல யாராவது செத்தவங்களுக்கு வண்டி நேரம் சொல்வாங்களா?" என்றாள். கோபமாகச் சொல்லத்தான் நினைத்தாள். குரல் அப்படி வரவில்லை.

வண்டிக்கு வந்தார்கள். நிக்கனோர் முன்சீட்டைத் துடைத்து வைத்திருந்தான். தெல்மிரோ போய் முன் கதவைத் திறந்தார். கூப்பிடவில்லை. திறந்துவிட்டு, அதைப் பார்க்காத மாதிரி நாலடி தள்ளி நின்றுகொண்டார்.

"அஞ்சாச்சுண்ணே. ஏறுங்க" என்றான் நிக்கனோர், கைக்கடிகாரத்தைப் பார்த்து.

தெல்மிரோ அசையவில்லை. கதவு திறந்தே கிடந்தது. ஒரு பேருந்து நிறையப் பேர் வந்து இறங்கி, பாடிக்கொண்டே திடலுக்குப் போனார்கள். அவர்கள் போன பிறகு அந்த இடம் முன்பைவிட வெறிச்சென்று இருந்தது.

"சரி" என்றார் கடைசியில். கதவைச் சாத்தக் கையை நீட்டினார்.

"இருங்க அத்தான்." செல்சா பெரிய கோவிலின் கோபுரத்துக் கடிகாரத்தைக் காட்டினாள். "அங்க நாலுதானே ஆகுது."

மூவரும் பார்த்தார்கள். அவர்கள் கையில் கட்டியிருந்தது ஸ்பெயின் மணி. எல்லை தாண்டினால் ஒரு மணி நேரம் குறைவு. காலையிலிருந்து யாரும் முள்ளைத் திருப்பி வைக்கவில்லை.

"அஞ்சுன்னுதானே சொன்னீங்க? எந்த ஊர் அஞ்சுன்னு சொன்னீங்களா?"

"இல்ல."

"அக்கா எப்பக் கைக்கடிகாரம் கட்டினா? கோயில் மணி அடிச்சாத்தான் அவளுக்கு மணி. கோபுரத்தைப் பார்த்துட்டு, இன்னும் நேரம் இருக்குன்னு நினைச்சுக்கிட்டு இருப்பா."

நாலு மாதமாக முறை, முறை என்று உயிரை வாங்கியவள் சொன்னாள் இதை. தெல்மிரோ அவளைப் பார்த்தார். அவள் மூக்கைச் சிந்திக்கொண்டு வேறு பக்கம் பார்த்தாள். நிக்கனோர் எஞ்சினை நிறுத்தினான்.

காத்திருந்தார்கள். செல்சா பின் இருக்கையில் கால் நீட்டி உட்கார்ந்தாள். தெல்மிரோ நடைபாதைத் திட்டில் உட்கார்ந்தார். முழங்கால் இரண்டும் வீங்கத் தொடங்கியிருந்தன. திடலின் பக்கமிருந்து ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். வந்தவர்கள் எல்லோரையும் அவர் பார்த்தார். பார்த்து என்ன ஆகப்போகிறது என்று தெரிந்தும் ஒருவர் விடாமல் பார்த்தார்.

கோபுரத்தில் ஐந்து அடித்தது. கடைசி மணியின் ரீங்காரம் அடங்கியது.

நிக்கனோர் சாவியில் கை வைத்தபடி கண்ணாடி வழியாக அவரைப் பார்த்தான்.

"பொறு" என்றார் தெல்மிரோ. "அவ மெதுவாத்தான் நடப்பா."